இரண்டு 'விக்ரம்', ஒரே ஹீரோ: எது எந்தப் படம் என்று டேட்டாபேஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓடிடி-யில் 'விக்ரம்' என்று தேடுகிறீர்கள். 1986-ல் வந்ததா, 2022-ல் வந்ததா? இரண்டிலும் ஹீரோ கமல்ஹாசன். தயாரிப்பும் அதே ராஜ்கமல் ஃபிலிம்ஸ்தான். போஸ்டரைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு?

தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள் எனப் பல இடங்களிலிருந்து படப் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கும. அதில் உள்ள ஒவ்வொரு படமும் மாஸ்டர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா, புதுசா என்று முடிவு செய்வதுதான் 'மேட்சிங்'.

பெயரை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-ல் எம்.ஜி.ஆர். படம், 2010-ல் செல்வராகவன் படம். அதே பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு 'ஏ' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் இரண்டு போடுவார்.

சரி, ஆண்டைச் சேர்த்துப் பார்க்கலாமே? அதிலும் சிக்கல் உண்டு. 'விசாரணை' வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது 2015-ல், தியேட்டருக்கு வந்தது 2016-ல். இரண்டு பட்டியலில் இரண்டு ஆண்டு இருக்கலாம், படம் ஒன்றுதான்.

மொழி இன்னொரு குழப்பம். 'கே.ஜி.எஃப்' தமிழில் வந்தது டப்பிங். ஆனால் 2010-ல் மணிரத்னம் எடுத்த 'ராவணன்' தமிழில் ஒரு படம், இந்தியில் 'ராவண்' வேறு படம். நடிகர்களே மாறுவார்கள்.

எப்படி மேட்ச் செய்கிறார்கள்?

* சுத்தம் செய்தல்: இடைவெளி, புள்ளி, எழுத்து வேறுபாடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள்.
* வடிகட்டுதல்: லட்சக்கணக்கான படங்களோடும் ஒப்பிட முடியாது. பெயர் ஓரளவு ஒத்துப்போய், ஆண்டு ஒன்றிரண்டு முன்பின் இருப்பவற்றை மட்டும் எடுப்பார்கள்.
* மதிப்பெண்: பெயர், இயக்குநர், நடிகர்கள், மொழி, ஓடும் நேரம் ஒவ்வொன்றுக்கும் மார்க். 'விக்ரம்' விஷயத்தில் கைகொடுப்பது இயக்குநர் பெயர்: 1986-ல் ராஜசேகர், 2022-ல் லோகேஷ் கனகராஜ்.
* முடிவு: மார்க் அதிகமென்றால் தானாகவே இணையும். குறைவென்றால் புதுப் படம். நடுவில் மாட்டுவதை ஒரு மனிதர் பார்ப்பார்.

எந்தத் தவறு பெரியது?

ஒரே படம் இரண்டு முறை பதிவானால் தேடலில் இரண்டாகத் தெரியும். கண்ணில் பட்டதும் சேர்த்துவிடலாம். ஆனால் இரண்டு படங்களைத் தவறாக ஒன்றாக்கிவிட்டால்? ஒன்றின் சப்டைட்டில் இன்னொன்றில் ஓடும். பார்வை எண்ணிக்கை கலந்துவிடும். அதை வைத்துப் பணம் கணக்கிடும் ஒப்பந்தமாக இருந்தால், ஒருவருக்குச் சேர வேண்டியது வேறொருவருக்குப் போகும். கலந்த கணக்கைப் பிறகு பிரிப்பது லேசில்லை. அதனால் சந்தேகம் இருந்தால் இணைக்காமல் விடுவதே நல்லது.

இதற்குத் தீர்வே இல்லையா?

இருக்கிறது: அடையாள எண். ஐஎம்டிபி ஒவ்வொரு படத்துக்கும் தனி எண் தருகிறது. 2010-ல் தொடங்கிய 'ஈஐடிஆர்' பதிவேடு, படத்துக்கு ஓர் எண், அதன் வெவ்வேறு எடிட்களுக்குத் தனி எண் என்று பிரித்தே கொடுக்கிறது. வரும் பட்டியலிலேயே அந்த எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாதபோதுதான் மேலே சொன்ன மார்க் கணக்கு.

உங்கள் ஆஃபீஸ் கஸ்டமர் லிஸ்ட்டுக்கும் இதே விதிதான். ஒரே பெயரில் இரண்டு 'கார்த்திக்' இருந்தால், டூப்ளிகேட் என்று அழிக்கும் முன் போன் நம்பரையும் ஒருமுறை பாருங்கள்.