வாடல்: ஒரு நோயின் பெயர் வரலாறு

‘வாடு’ என்னும் வினையிலிருந்து பிறந்த ‘வாடல்’ கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை மட்டுமே சொல்கிறது. மலாயில் வழங்கும் ‘லாயு’வும் அப்படித்தான். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈய லம்ப (சுரங்க) நிலங்களில் காய்கறி பயிரிடுவோருக்கு இரு சொற்களும் பழக்கமானவை. இலை மஞ்சளாகாமல் பச்சையாக இருக்கும்போதே கத்தரியும் தக்காளியும் தலைசாய்வது பாக்டீரியாவால் வரும் வாடலின் அடையாளம்.

வாடல் என்னும் அறிகுறி ஒன்றானாலும் காரணம் ஒன்றல்ல. ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையும் செடியை வாட்டும். வேறுபாட்டை அறிய எளிய சோதனை உண்டு. வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை நீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் பிடித்தால், சில நிமிடங்களில் பால்நிற இழைகள் கீழே இறங்கும். நீர்க்குழாய்களை அடைத்திருந்த பாக்டீரியாவும் அதன் கோழையுமே அந்த இழைகள். பூஞ்சை வாடலில் இவை தோன்றுவதில்லை. ‘பாக்டீரியா வாடல்’ என்ற தொடர் அறிகுறியோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

அந்தக் காரணிக்கு 1896இல் அமெரிக்கத் தாவர நோயியலர் எர்வின் ஸ்மித் இட்ட பெயர் ‘பேசில்லஸ் சொலனேசியேரம்’. முதற்பாதிக்குக் கோல் வடிவம் என்றும், பிற்பாதிக்குக் கத்தரிக் குடும்பச் செடிகளுக்கு உரியது என்றும் பொருள். முதற்பாதி உருவத்தையும் பிற்பாதி நோய்க்கு ஆளாகும் பயிரையும் குறித்தன. 1914இல் அவரே இதை, முனையில் கசையிழை கொண்ட கோல்களுக்கான ‘சூடோமோனாஸ்’ பேரினத்துக்கு மாற்றினார்.

அந்தப் பெயர் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. பின்னர் மரபணுப் பொருளை ஒப்பிடும் முறை வந்தது. அதன்படி 1992இல் ஜப்பானிய ஆய்வாளர் யாபூச்சி குழுவினர் இதை ‘பர்கோல்டேரியா’வில் சேர்த்தனர், 1995இல் ‘ரால்ஸ்டோனியா’ என்னும் புதிய பேரினத்தில் வைத்தனர். முன்னது வால்டர் பர்கோல்டரையும் பின்னது எரிக்கா ரால்ஸ்டனையும் போற்றும் பெயர்கள். நான்கு பேரினங்கள் மாறியும் ‘சொலனேசியேரம்’ மாறவில்லை. சிற்றினப் பெயர் பேரினம் மாறும்போது உடன்செல்ல வேண்டும் என்பது பெயரிடல் விதி.

2014இல் இர்தா சஃப்னி குழுவினர் இந்த ஒரு சிற்றினத்தை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பெயருக்கு நிலையான அடையாளமாக வைக்கப்பட்ட வளர்ப்பான மாதிரி வகை எந்தக் கிளையில் இருக்கிறதோ அதற்கே பழைய பெயர் உரியது. இதன் மாதிரி வகை வட கரோலினாவின் தக்காளியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே ‘சொலனேசியேரம்’ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய கிளைக்கு நிலைத்தது. ஆசிய, ஆப்பிரிக்கக் கிளைகள் ‘சூடோசொலனேசியேரம்’ ஆயின. இதனால் ஆசியாவில் கத்தரியைப் பெரும்பாலும் வாட்டும் பாக்டீரியா, கத்தரிக் குடும்பத்தைக் குறிக்கும் பழைய பெயரை இழந்தது. வாழையைத் தாக்கும் மோக்கோ நோயின் பாக்டீரியாவோ அப்பெயரோடு நிற்கிறது.

மூன்றாவது சிற்றினமான ‘சிசிஜியை’யில் வாழையின் இரத்த நோய் அடங்குகிறது. நோயுற்ற காயை வெட்டினால் உள்ளே செம்பழுப்பு நிறம் தெரியும். பெயர் அதனால் வந்தது. 1921இல் கொய்மன், சுலாவெசித் தீவின் பழைய பெயரான செலபெஸைக் கொண்டு இதன் பாக்டீரியாவுக்கு ‘செலபென்சிஸ்’ என்று பெயரிட்டார். 1980இல் ஏற்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. எனவே நெடுங்காலம் அது ‘இரத்த நோய் பாக்டீரியா’ என்றே வழங்கியது. 2014இல் ‘செலபெசென்சிஸ்’ என்னும் துணையினப் பெயரைப் பெற்றது. மலேசியத் தீபகற்பத்திலும் இந்நோய் பதிவாகியுள்ளது.

மோக்கோவும் இரத்த நோயும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டையும் பூவுக்கு வரும் பூச்சிகளும் வெட்டுக்கத்தியும் பரப்புகின்றன. காய்ப்பு முடிந்ததும் வாழைப்பூவை நீக்குவதும் கத்தியைக் கிருமிநீக்குவதும் இரண்டுக்கும் பொருந்தும். எந்தக் கிளை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அறிந்து, நோயுற்ற கன்றும் விதைக்கிழங்கும் எல்லை தாண்டாமல் தடுப்பதற்குத் துல்லியமான பெயர் வேண்டும். தோட்டத்தில் முதலில் நோயைக் கண்டு சொல்ல ‘வாடல்’ என்ற பழைய சொல் போதும்.