பிஜோலியா ஜாகீரின் வமிசாவளி

இராஜபுத்திரர் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது சித்தூர்க் கோட்டையும், இராணா பிரதாபனின் குதிரையும், தீயில் விழுந்த பெண்களுமே யாகும். நாடகத்திலும் சினிமாப் படத்திலும் நாம் அவர்களைப் போதிய அளவு கண்டாகி விட்டது. ஆனால் அவ்வீரர்கள் போரில்லாத நாட்களில் எதைக் கொண்டு உண்டார்கள், அவர்கள் குதிரைகளுக்குக் கொள்ளு எவன் வயலிலிருந்து வந்தது என்று கேட்பார் மிகச் சிலரே. ஆகையால் மேவார் நாட்டுப் பிரபுக் குடும்பம் ஒன்றை எடுத்துக் கொண்டு, அதன் வமிசாவளியையும் நிலக் கணக்கையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

மேவாரின் கிழக்குக் கோடியில், பூந்தி, கோட்டா இராச்சியங்களை நோக்கி உயர்ந்து கிடக்கும் மேட்டு நிலத்துக்கு ஊபர்மால் என்று பெயர். இப்பொழுது அது இராஜஸ்தானத்தில் பீல்வாரா ஜில்லாவைச் சேர்ந்தது. அதன் தலைநகரே பிஜோலியா. அங்கே பார்சுவநாதர் கோயிலருகே பாறையொன்றில் 1170ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. லோலாகன் என்னும் சமண வணிகன் பொறித்து வைத்தது. சௌகான் அரசர்களின் பரம்பரையை வரிசையாகச் சொல்லும் அக்கல், அவர்களுடைய முன்னோனை வத்ஸ கோத்திரத்துப் பிராமணன் என்கிறது. பிற்காலத்துப் பாடகர்களோ சௌகான்களும், பரமாரர்களும், வேறு இரு குலத்தாரும் ஆபு மலையில் முனிவர் வளர்த்த வேள்விக் குண்டத்திலிருந்து வாளும் கையுமாக எழுந்து வந்தார்கள் என்று பாடி வைத்தனர். கல் ஒன்று சொல்ல, பாடகன் வேறொன்று சொல்கிறான். பரிசில் யார் கொடுத்தாரோ அவருக்கேற்பப் பிறப்பும் மாறுகிறது போலும்!

பிஜோலியாவின் பிரபுக்கள் அப்பரமார குலத்தவரே. மாளவத்தை ஆண்ட போஜராஜன் அக்குலத்திற் பிறந்தவன். அவர்களுக்கும் நெருப்புக் கதை ஆதியில் இருந்ததில்லை. 949ஆம் ஆண்டு ஹர்சோலாச் செப்பேடு, பரமாரரை இராஷ்டிரகூட மன்னர்களோடு தொடர்பு படுத்துகிறதே யன்றி அக்கினி குண்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. போஜனின் தந்தை காலத்து அரசவைப் புலவர் பத்மகுப்தரின் காவியத்தில்தான் அக்கதை தலை காட்டுகிறது.

குலப் பெருமை இவ்வாறிருக்க, குடும்பத்துக்கு நிலம் வந்த வழியை நோக்குவோம். ஜக்னேர் என்னும் இடத்திலிருந்து அசோக் பரமார் என்பவர் மேவாருக்கு வந்து இராணா சங்காவிடம் சேவகம் புரிந்தார். 1527இல் கானுவாப் போர்க்களத்தில் பாபரை எதிர்த்து இராணாவின் பக்கம் போர் செய்தார். அதற்குச் சன்மானமாக ஊபர்மால் முழுவதும் அவருக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. போரில் இராணா தோற்றார். ஆயினும் அன்று அளித்த ஜாகீர் நானூறு ஆண்டுக்கு மேல் நிலைத்தது.

இத்தகைய ஆதீனத்தை அந்நாட்டார் ‘டிக்கானா’ என்பர். மேவாரில் முதல் வரிசைப் பிரபுக்கள் பதினாறு பேர் எனச் சொல்வது வழக்கம். பிஜோலியாவின் ‘ராவ்’ அவர்களில் ஒருவர். மகாராணாவுக்குப் படையும், சேவகமும், ஆண்டுதோறும் கப்பமும் செலுத்துவது அவர் கடமை. ராவ் இறந்தால் அடுத்தவர் உதயபுரி சென்று உடைவாள் கட்டிக் கொள்ள வேண்டும். அதற்கென்று பெருந்தொகையும் கட்ட வேண்டும். நம்மூர் ஜமீன்தார்களை அறிந்தவர்க்கு இது விளங்காத காரியமன்று.

ஆனால் தொகை எங்கிருந்து வந்தது? ஊபர்மாலில் உழுதவர்களில் பெரும்பாலோர் தாக்கட் என்னும் குடியானவச் சாதியினர். விளைவில் பாதி மேல்வாரமாகப் போய் விடும். வாரத்தைக் களத்தில் அளந்தெடுப்பதும் உண்டு. பயிர் நிற்கும்போதே ஆதீன அதிகாரி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதும் உண்டு. அவன் கண் எப்பொழுதும் பெரிய கண்! வாரம் போக, பற்பல பெயர்களில் எண்பத்து நான்கு வகை வரிகள். அவற்றோடு கூலியில்லா வெட்டி வேலை. ராவின் வீட்டில் பிறப்பு, இறப்பு, கலியாணம், யாத்திரை எது நடந்தாலும் செலவு குடியானவன் தலையில் விழுந்தது.

1897இல் ஓர் ஈமச் சடங்குக்குக் கூடிய குடியானவர்கள் தங்களுக்குள் பேசி, நான்ஜி பட்டேல், டாக்கரி பட்டேல் என்னும் இருவரை மகாராணாவிடம் முறையிட அனுப்பினர். உதயபுரியிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். குடிகள் சொன்னது மெய்யே என்றும் கண்டார். பலன் யாதெனில், ராவ் கிருஷ்ணசிங் அவ்விருவரையும் ஊரை விட்டு விரட்டியதுதான்.

1903இல் அவர் ஒரு புது வரி போட்டார். பெண்ணுக்கு மணம் செய்விக்கும் ஒவ்வொரு தந்தையும் ஐந்து ரூபாய் கட்ட வேண்டும். மணப்பந்தலின் பெயரையே வரிக்கும் வைத்தார்கள். நாம் படித்த நிலவரிக் கதைகளில் இதனினும் கீழான வரியைக் கண்டதில்லை. குடியானவர்கள் கலகம் செய்யவில்லை, கலியாணத்தை நிறுத்தினார்கள். இரண்டாண்டுகள் ஊபர்மாலில் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தாலி ஏறவில்லை. பின்னர், மணமாகாத பெண்களை அழைத்துக் கொண்டு கூட்டமாக ராவின் வாசலில் போய் நின்றனர். அங்கும் செவி சாய்ப்பாரில்லை யெனக் கண்டு, ஊரை விட்டே வெளியேறத் துணிந்தனர். அப்பொழுதுதான் ராவுக்கு அச்சம் பிறந்தது. உழுவாரில்லாத நிலத்துக்கு எந்த வமிசாவளியைக் கொண்டு வாரம் தண்டுவது? மணவரி போயிற்று, மேல்வாரமும் ஐந்தில் இரண்டாகக் குறைந்தது.

இந்த வெற்றி ஓராண்டுதான் தங்கியது. 1906இல் ராவ் மகப்பேறின்றி மறைய, உறவினர் பிரித்திவிசிங் பட்டத்துக்கு வந்தார். அவர் மகாராணாவுக்குக் கட்டிய உடைவாள் தொகையும் குடிகள்மேல் வரியாகச் சுமத்தப்பட்டது. அவர் இடுப்பில் வாள். அதன் விலை இவர்கள் முதுகில்!

1913இல் சாது சீதாராமதாசர் தலைமையில் குடியானவர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டனர். 1916இல் அவர் அழைப்பின்பேரில் விஜயசிங் பத்திக் வந்தார். அவருடைய இயற்பெயர் பூப்சிங்; 1915ஆம் ஆண்டுப் புரட்சி முயற்சியில் சம்பந்தப்பட்டுக் காவலிலிருந்து தப்பியவர். ஊபர்மால் பஞ்சாயத்தை 1917இல் அமைத்து, கான்பூர்ப் ‘பிரதாப்’ பத்திரிகை வாயிலாகப் பிஜோலியாவின் பெயரை நாடறியச் செய்தார். 1922இல் கவர்னர் ஜெனரலின் ஏஜெண்டு ஹாலண்டு துரையே நேரில் வந்து பஞ்சாயத்தாரோடு பேச வேண்டியதாயிற்று. எண்பத்து நான்கில் முப்பத்தைந்து வரிகள் நீங்கின.

ஆதீனம் அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றவில்லை. மானாவாரி நிலத்துக்கு மிகுந்த தீர்வை விதிக்கப்படவே, 1927இல் குடியானவர்கள் அந்நிலங்களை இராஜிநாமாச் செய்தனர். நிலத்தை விட்டால் எடுப்பாரில்லை என்று நம்பினர். ஆதீனமோ ஏலம் போட்டது. எடுக்க ஆளும் கிடைத்தது. பெண்களுக்கு மணம் செய்யாமலும் பொறுத்தவர்கள், தங்கள் வரப்பில் வேறொருவன் ஏர் பூட்டுவதை வாய் மூடிப் பார்த்து நின்றார்கள். இப்போராட்டத்தில் மிகப் பெரிய பிழை இதுவே என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் கலப்பையைப் பிடித்தறியாத நாம் அவர்களைக் குறை கூறத் தயங்குகிறோம்.

நிலம் திரும்பப் பதினான்கு ஆண்டு சென்றது. 1941இல் மேவாரின் பிரதம மந்திரியாக இருந்தவர், சென்னை மாகாண அரசாங்க உத்தியோகத்திலிருந்து வந்த சர் டி. விஜயராகவாச்சாரியார். அவர் தம் வருவாய் மந்திரி மோகன்சிங் மேத்தாவைப் பிஜோலியாவுக்கு அனுப்பி, இழந்த நிலங்கள் உரியவரிடம் சேரும்படி சமரசம் செய்வித்தார்.

பிஜோலியா டிக்கானாவில் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அதை உதறிவிட்டுக் குடியானவர் பக்கம் சேர்ந்த இளைஞர் மாணிக்கலால் வர்மா. 1948 ஏப்ரல் 18இல் உதயபுரியில் ஐக்கிய இராஜஸ்தானம் தொடங்கப் பெற்றபோது, மகாராணா அதன் இராஜப் பிரமுகரானார்; வர்மா பிரதம மந்திரியானார். 1952இல் ஜாகீர்களை மீட்கும் சட்டம் நிறைவேறியது. அசோக் பரமார் பெற்ற சன்மானமும் அதில் அடங்கிற்று.