சாக்லேட் மணிகள் சொல்லும் வரலாறு

கேக் செய்வோர், மாவுக் கலவை ஆயத்தமானதும் இறுதியாகச் சாக்லேட் மணிகளை அதில் இட்டுக் கலப்பதைக் காண்கிறோம். வெந்த கேக்கை வெட்டும்போது அவை கரைந்து மறையாமல் கரும்புள்ளிகளாக ஆங்காங்கே நிற்கும். இம்மணிகள் கடைக்கு வந்து இன்னும் நூறாண்டு நிறையவில்லை. எனினும் இவற்றின் பிறப்பைச் சுற்றி ஒரு கட்டுக்கதை வளர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்றோர் ஊர் உண்டு. அங்கே 'டோல் ஹவுஸ்' என்னும் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு அம்மையார், 1930களில் ஒருநாள் பிஸ்கட் செய்ய முற்பட்டாராம். சமையல் சாக்லேட் தீர்ந்துபோகவே, இனிப்புச் சாக்லேட் கட்டியொன்றை உடைத்து மாவில் இட்டாராம். அஃது உருகி மாவெங்கும் பரவும் என எண்ணினாராம், பரவவில்லை, புதிய பண்டம் பிறந்ததாம். கலக்கும் பொறியின் அதிர்வால் சாக்லேட் தானே மாவில் விழுந்தது என்பாரும் உளர். இவை கேட்பதற்கு இனிய கதைகளே. ஆயினும், வரலாறு கற்பிக்கும் நாம் இவற்றை ஆராயாமல் ஏற்றல் தகுமா?

முதற்கண், அவ்வம்மையார் யார் என்பதை நோக்குவோம். 1903இல் பிறந்த அவர், ஃபிராமிங்ஹாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனையியல் பயின்று 1924இல் தேர்ச்சி பெற்றவர். அக்கல்லூரி, 1839இல் தோன்றிய அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வழிவந்தது. மனையியல் ஆசிரியையாகவும் உணவியல் வல்லுநராகவும் பணியாற்றிய பின்னரே, 1930இல் அவர் தம் கணவருடன் விடுதியைத் தொடங்கினார். சமையல் நூலும் எழுதி வெளியிட்டார்.

இத்தகையவர், கட்டியாக இட்ட சாக்லேட் மாவெங்கும் பரவும் என்று நம்பியிருப்பாரா? பண்டம் முழுவதும் சாக்லேட் நிறம் பெற வேண்டுமாயின் அதனை முன்னரே உருக்கிச் சேர்த்தல் வேண்டும் என்பது சமையற்கலையின் பாலபாடம். சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகிவிடும். எனினும், கிளறாமல் விட்டால் கொக்கோத் துகளும் சர்க்கரையும் துண்டின் வடிவைப் பெரிதும் காத்து நிற்கும். சுற்றியுள்ள மாவும் அதனைத் தாங்கிக்கொள்ளும். விடுதியில் வழக்கமாகப் பரிமாறப்பட்ட மெல்லிய பிஸ்கட்டுக்கு மாற்றாகப் புதியதொன்றை வழங்கவே தாம் முயன்றதாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். ஆகவே, அது விபத்தன்று, முயற்சியே.

அவரது செய்முறை 1938ஆம் ஆண்டு நூற்பதிப்பில் இடம்பெற்றது. கட்டியை உடைக்கும் சிரமத்தைப் போக்க, நெஸ்லே நிறுவனம் 1939இல் சாக்லேட்டைச் சிறு துண்டுகளாகவே விற்கத் தொடங்கியது. அவரது செய்முறையையும் உறையில் அச்சிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது வீட்டார் அனுப்பிய இப்பண்டத்தை மாசசூசெட்ஸ் வீரர்கள் தோழர்களுடன் பகிர்ந்துண்டதால், அதன் புகழ் நாடெங்கும் பரவியது.

பிஸ்கட்டுக்கென வந்த மணிகள் கேக்கிலும் இடம்பெற்றன. ஆங்கும் அறிவே துணை செய்கிறது. பிஸ்கட் மாவு கெட்டியானது. கேக் கலவையோ நெகிழ்வானது. கலவை வெந்து இறுகுமுன் கனத்த மணிகள் அடியில் தங்கிவிடும். மணிகளை உலர்ந்த மாவில் புரட்டி இடுவது ஓரளவே உதவும். கலவை கெட்டியாகவும் மணிகள் சிறியனவாகவும் இருத்தலே நல்ல வழி.

வேக்ஃபீல்டு அம்மையார் 1977இல் மறைந்தார். விடுதிக் கட்டடம் 1984ஆம் ஆண்டின் இறுதி நாளன்று தீக்கிரையாயிற்று. 1997இல் மாசசூசெட்ஸ் அரசு அவரது பண்டத்தை மாநிலத்தின் பிஸ்கட்டாக அறிவித்துச் சிறப்பித்தது. ஆயினும் கட்டுக்கதை இன்னும் மறைந்தபாடில்லை.

ஓர் ஆசிரியையின் கல்வியையும் உழைப்பையும் 'தற்செயல்' என்னும் ஒரு சொல்லால் துடைத்தெறிவது நேர்மையாகாது. அக்கதையையே கேட்டு வளரும் மாணவன், வெற்றி என்பது நல்லூழால் வாய்ப்பது என எண்ணிப் புத்தகத்தை மூடிவிடக்கூடும். கதையை வகுப்பில் கூறுவோம். ஆனால், அதனருகே அவர் பயின்ற கல்லூரியின் பெயரையும் கரும்பலகையில் எழுதிவைப்போம்.