விடுதி தந்த பட்டங்கள்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் கேட்டபோது, நம் மக்களிடையே தோன்றிய பட்டதாரிகளின் வரலாற்றை எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். பெயர்களையும் பட்டங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் ஒவ்வொருவர் வரலாற்றையும் புரட்டப் புரட்டப் பட்டம் பின்னுக்குச் சென்று வேறொன்று முன்னுக்கு வந்து நின்றது. படிக்கின்ற காலத்தில் அவர் எங்கே தங்கினார், அவருக்கு யார் சோறு போட்டார்கள், கல்லூரிச் சம்பளத்தை யார் கட்டினார்கள் என்பதே அது. அறிவுக்கு நம்மிடையே எந்நாளும் பஞ்சம் இருந்ததில்லை. அந்த அறிவு இராத்தங்க ஓர் இடம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

இரட்டைமலை சீனிவாசனாரிடமிருந்து தொடங்குவோம். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர், கோயமுத்தூர்க் கலாசாலையில் பயின்றார். அங்கே ஏறத்தாழ 400 மாணவர்களுள் 10 பேரைத் தவிர ஏனையோர் பிராமணப் பிள்ளைகள் என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். நெருங்கிப் பழகினால் ஊர், உறவு, சாதி எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, விளையாட்டிலும் பேச்சிலும் சேராமல், பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். இளைஞர்களே, இதை விரைந்து படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டாம். பாடத்தைவிடத் தம்மை மறைத்துக்கொள்வதற்கே அந்த மாணவர் மிகுதியாகப் பாடுபட்டிருக்கிறார். அப்படி ஒளிந்து படித்தவர்தாம் 1893ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் பெயரையே தலைப்பாகச் சூட்டி இதழ் நடத்தினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் நமக்காகப் பேசினார்.

அதே 1893ஆம் ஆண்டில்தான் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென உதவித்தொகைகளையும் தனிச் சலுகைகளையும் வகுத்த ஆணையை வெளியிட்டது. கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் இலவசப் பள்ளியை 1894இல் தொடங்கினார். இவை தொடக்கக் கல்விக்கு வழி திறந்தனவேயன்றிக் கல்லூரிக்கு அன்று. நம் பக்கத்தில் அமெரிக்க மதுரை மிஷன் 1835 முதல் திண்டுக்கல்லில் ஊன்றியிருந்தது. ஏசு சபையாரின் புனித மரியன்னை பள்ளி 1850இல் எழுந்தது. மிஷன்களின் 'போர்டிங்' என்ற சொல் இன்றும் நம் முதியோர் வாயில் வழங்குகிறது. போர்டிங்கில் சேர்ந்தவன் படித்தான்; சேராதவன் ஆடு மேய்த்தான். அவ்வளவுதான் வேறுபாடு.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். எந்தக் கோயிலின் வாயிலில் நந்தனார் நின்றார் என்று கதை சொல்கிறதோ, அதே ஊரில் அவர் பெயராலேயே பள்ளியும் விடுதியும் தோன்றின. துறவியான அவர் மடம் கட்டுவதைவிட மாணவர்க்குக் கூரை அமைப்பதே தலையாய பணி என்று தெளிந்திருந்தார். அரசுத் துறையில் 1920ஆம் ஆண்டில் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாகி, ஒடுக்கப்பட்டோர்க்குப் பள்ளிகள், உதவித்தொகை, விடுதிகள் என்று வேலை தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அதுவே வேர்.

இந்த வழியில் மேலேறி வந்த முதல் தலைமுறை என்ன படித்தது? எம். சி. ராஜா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பள்ளி ஆசிரியரானார்; பாடநூல்கள் எழுதினார்; 1920இல் சட்டமன்றம் புகுந்தார். என். சிவராஜ் சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்ந்து, 1945இல் சென்னை மாநகர மேயரானார். ஒருவர் ஆசிரியர், மற்றவர் வழக்கறிஞர். வேறு துறைகளில் அவர்களுக்கு நாட்டமே இல்லை என்று யார் சொல்ல இயலும்? வானநூலோ இசையோ அவர்கள் உள்ளத்தில் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் இனத்தின் முதல் பட்டதாரிக்குத் தன் விருப்பப்படி பாடம் தேரும் உரிமை இல்லை. அவர் படித்த பாடத்தை ஊரின் தேவையே தேர்ந்தெடுத்தது.

இதற்கு விலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அண்ணல் அம்பேத்கரைத்தான் சொல்ல வேண்டும். அவர் வாழ்வை நாம் அரசியல் கண்ணோடு மட்டுமே படித்துவிடுகிறோம். மாணவக் கண்ணோடு படித்தல் நலம். பம்பாயில் 1912இல் பி.ஏ. முடித்த அவர், பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவியில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பொருளாதாரமே பாடம், எனினும் வரலாறு, சமூகவியல், மெய்யியல் என்று கண்ணிற்பட்ட வகுப்புகளில் எல்லாம் அமர்ந்தார். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வு பாதியில் நிற்க, ஊர் திரும்பிப் பரோடாவில் பணியேற்றவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். அது வெளிப்பட்டதும் அங்கிருந்தும் துரத்தப்பட்டார். இரண்டு கண்டங்களில் படித்தவருக்கும் கடைசியில் கேள்வி அதே கேள்விதான்: இரவு எங்கே படுப்பது?

ஆயினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக 1918இல் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பர் நாவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கி, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியையும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வுக்கு 1923இல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. குடும்பத்தை வறுமையில் விட்டுவிட்டு, கிடைத்த பேராசிரியர் வேலையையும் உதறி, பாதியில் நின்ற ஆய்வுக்காகக் கடல் தாண்டுவதா என்று அன்று யாரேனும் அவரைக் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டவரின் அறிவுரையை அவர் ஏற்றிருந்தால் நமக்கு ஒரு நல்ல கல்லூரி ஆசிரியர் கிடைத்திருப்பார். அம்பேத்கர் கிடைத்திருக்க மாட்டார்.

தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பனாரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகாருக்கும் ஆண்டுக்கு மும்மூன்று இலட்சம் தருகின்ற அரசு, எம் மாணவர்க்கும் அதுபோல் தருதல் வேண்டும் என்று வாதாடினார். மூன்று இலட்சம் கிடைத்தது. சிலர் அப்பணத்தில் வெளிநாடும் சென்றனர். உயர்நிலைப் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் நடைமுறையில் உள்ளது. நம் பிள்ளைகள் 'ஸ்காலர்ஷிப்' என்று சொல்லி விண்ணப்பம் நிரப்புகிறார்களே, அதன் பிறப்பு இதுதான்.

பணம் இருந்தால் மட்டும் போதுமா? இடமும் வேண்டும். சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியற் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி ஆணையின்படி பதினான்கு பதினான்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பதினான்கிலும் 2 இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. சம்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. சூன் மாதத்திலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி 15(4) என்னும் உட்பிரிவு சேர்ந்தது. இன்று மருத்துவக் கல்லூரி வாயிலில் நிற்கும் நம் மாணவி ஒவ்வொருத்தியும் அந்த இரண்டு மாதத்துக்குக் கடன்பட்டவள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். படிக்கப் போக வேண்டுமானால் முதலில் பேருந்தில் ஏற வேண்டும். ஒரு காலத்தில் தனியார் பேருந்துகளில் நம்மவரை ஏற்ற மாட்டார்கள். பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டார். சென்னைப் பாண்டி பசாரில் துணி எடுக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பாண்டி நம் வட்டாரத்தார் என்பது தெரியும்?

அதே பட்டிவீரன்பட்டிப் பக்கத்து அய்யங்கோட்டையில், நிலமற்ற கூலிக் குடும்பத்தில், 1926ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் கிருஷ்ணம்மாள் பிறந்தார். தாயார் நாகம்மாள், வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டே கூலி வேலை செய்ததைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தவர். டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளும் மருத்துவருமான சௌந்தரம் அம்மையார் அவருக்கு ஆதரவு தந்து, மதுரையில் தங்கிப் படிக்க வழி செய்தார். கூலிக்காரியின் மகள் பட்டதாரியானார். சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினர். கிருஷ்ணம்மாள் 1950இல் சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்து, கணவர் வினோபாவுடன் வடநாட்டில் நடந்துகொண்டிருந்த காலத்தில் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்தார்.

அந்நாளில் நம்மிடையே பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசு வேலை வீடு தேடி வந்திருக்கும். அவர் அதை நாடவில்லை. தாயாரின் கூலி வாழ்வு எழுப்பிய கேள்விக்கு விடை தேடுவதையே தம் பணியாகக் கொண்டார். கீழ்வெண்மணியில் 1968 திசம்பர் 25ஆம் நாள் 44 உயிர்கள் தீக்கிரையானபின் தஞ்சைத் தரணிக்குச் சென்று தங்கினார். 1981இல் 'லாப்டி' என்னும் அமைப்பைக் கணவருடன் தொடங்கி, நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கராகப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து அத்தம்பதியர் போராட, ஜெகந்நாதன் பெயரில் நடந்த வழக்கில் 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. 2008இல் மாற்று நோபல் என்று சிறப்பிக்கப்படும் சரியான வாழ்வாதார விருதும், 2020இல் பத்மபூசணும் அவரைத் தேடி வந்தன. விருதுகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. பட்டம் பெற்றவள் பட்டிக்காட்டுக்குத் திரும்புவதா என்ற ஏளனத்தை அவர் எப்படித் தாங்கினார் என்பதே அது.

பின்னர்க் கல்லூரிகளே நம்மைத் தேடி வரலாயின. பழனியில் 1960இலும், திண்டுக்கல்லில் ஜி.டி.என். கல்லூரி 1964இலும், அரசு மகளிர் கல்லூரி 1966இலும் தோன்றின. காந்திகிராமம் 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமும் ஆயிற்று. பேகம்பூர்த் தோல் ஷாப்புகளில் வேலை செய்தவரின் மகளும், நகராட்சித் துப்புரவுப் பணியாளரின் மகனும், மதுரைக்கோ திருச்சிக்கோ மூட்டை கட்டாமல், காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்று மாலையில் வீடு திரும்ப முடிந்தது. நம்முள்ளும் பின்தங்கி நின்ற அருந்ததியர்க்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. தனியார் கல்லூரிகளில் ஒதுக்கீட்டு இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணை 2012இல் வந்தது. கிறித்தவம் தழுவிய நம் உறவினர், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில் அண்ணன் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், தம்பி பிள்ளைக்கு வேறொரு சான்றிதழ். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

ஆக, இடமும் வந்தது. பணமும் ஓரளவு வந்தது. சீனிவாசனாருக்குக் கிட்டாத ஒன்று இன்றைய மாணவனுக்குக் கிட்டியிருக்கிறது: எனக்குப் பிடித்த பாடம் இது என்று சொல்லும் உரிமை. அந்த உரிமையை நாம் அவனிடம் விட்டு வைக்கிறோமா? மே மாதம் தேர்வு முடிவு வந்தால் பெற்றோர் ஒருபுறம், உறவினர் ஒருபுறம், தலைமையாசிரியர் ஒருபுறம் இழுக்கிறோம். வரலாறு கேட்டவனை வணிகவியலுக்கும், தமிழ் கேட்டவளைக் கணினிக்கும் அனுப்புகிறோம். வயிற்றுப்பாட்டை நினைத்துச் செய்வதுதான். தவறென்று ஒரேயடியாகச் சொல்லவும் நா எழவில்லை. பசித்த வீட்டில் விருப்பப் பாடம் என்பது வெறும் சொல்.

ஆனால் என் பிழை ஒன்றையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, சிறுமலை அடிவாரத்தில் பறித்த இலைகளை ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஊரார் சொல்லும் பெயரை எழுதி வைத்திருந்தாள். கல்லூரியில் தாவரவியல் படிக்க வேண்டும் என்றாள். தாவரவியல் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாய், பி.காம். படி, மில்லில் கணக்கெழுதலாம் என்றேன். என் சொல்லை அவள் தட்டவில்லை. பி.காம். படித்தாள், நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. வீட்டுக்கு ஓடு போட்டாள். தம்பிகளைப் படிக்க வைத்தாள். என் அறிவுரை வீண் போகவில்லை என்று நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு, பிளஸ் டூ தேறிய தன் மகளுக்குக் கல்லூரி விடுதி விண்ணப்பத்தில் சான்றொப்பம் வாங்க அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். மகளின் பையில் அந்தப் பழைய கணக்கு நோட்டு இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். "தாவரவியல்தான் கேட்டிருக்கிறாள் சார். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்கள். அவளிடம் வேறொன்றும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.