‘சிந்தெடிக்’ இன்ஜின் ஆயில்: கேனில் இருப்பது உண்மையிலேயே செயற்கை எண்ணெய்தானா?

டிராக்டருக்கு ஆயில் மாற்றக் கடைக்குப் போனால், சாதாரண ஆயில், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் என்று பல கேன்கள் இருக்கும். சிந்தெடிக் என்றால் விலை கூடும். ‘செயற்கையாகத் தயாரித்தது, கச்சா எண்ணெயிலிருந்து வந்தது அல்ல’ என்று நினைத்துப் பலரும் வாங்குகிறார்கள். பெரும்பாலான கேன்களுக்கு இது பொருந்தாது. பணம் கொடுக்கும் முன் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

அடிப்படை எண்ணெயில் ஐந்து வகை

இன்ஜின் ஆயிலில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மீதி, தேய்மானத்தையும் கசடையும் துருவையும் தடுக்கும் சேர்க்கைப் பொருட்கள். அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) அடிப்படை எண்ணெயை ஐந்து வகையாகப் பிரித்துள்ளது.

• முதல் வகை, இரண்டாம் வகை: கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. இரண்டாம் வகையில் கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்காது.

• மூன்றாம் வகை: இதுவும் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது. அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜன் செலுத்தி, மூலக்கூறுகளை உடைத்து மாற்றி அமைக்கிறார்கள். சூட்டில் எளிதில் நீர்த்துப்போகாத தன்மையைக் காட்டும் பாகுநிலைக் குறியீடு இதில் 120 அல்லது அதற்கு மேல் இருக்கும். முதல் இரண்டு வகைகளில் அது 80 முதல் 119 வரைதான்.

• நான்காம் வகை: பிஏஓ எனப்படும் எண்ணெய். எத்திலீன் வாயுவில் தொடங்கி, சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தொழிற்சாலையில் உருவாக்குவது. ‘செயற்கை’ என்ற சொல்லுக்கு நேராகப் பொருந்துவது இதுதான்.

• ஐந்தாம் வகை: எஸ்டர் உள்ளிட்ட மற்ற எல்லாம்.

இயற்கை எரிவாயுவிலிருந்தும் அடிப்படை எண்ணெய் தயாரிக்கிறார்கள். 2011-ல் கத்தாரில் உற்பத்தியைத் தொடங்கிய ஷெல் நிறுவனத்தின் பேர்ல் ஆலை இதற்கு உதாரணம். வாயுவிலிருந்து கட்டி எழுப்பினாலும், இந்த எண்ணெயும் மூன்றாம் வகையில்தான் சேர்கிறது.

பெயர் எப்படி மாறியது?

முன்பு சிந்தெடிக் என்றால் பெரும்பாலும் பிஏஓ அல்லது எஸ்டர்தான். 1990-களின் பிற்பகுதியில் காஸ்ட்ரால் நிறுவனம் அமெரிக்காவில் தன் ‘சின்டெக்’ ஆயிலில் பிஏஓவுக்குப் பதில் மூன்றாம் வகை எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கியது. கேனில் சிந்தெடிக் என்ற பெயர் மாறவில்லை. மொபில் நிறுவனம் இதை எதிர்த்து, விளம்பரங்களை ஆராயும் அந்நாட்டின் தேசிய விளம்பரப் பிரிவிடம் முறையிட்டது.

1999-ல் அந்த அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. மூலக்கூறே மாறும் அளவுக்குப் பதப்படுத்துவதால் சிந்தெடிக் என்று அழைக்க ஆதாரம் இருக்கிறது என்பது அதன் சாரம். இது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் அதன்பிறகு மற்ற நிறுவனங்களும் விலை குறைந்த மூன்றாம் வகைக்குத் திரும்பின. இன்று சிந்தெடிக் என்று விற்கும் ஆயில்களில் பெருமளவு அதுதான்.

அப்படியானால் ஏமாற்றா?

அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாம் வகை எண்ணெய் நல்ல எண்ணெய்தான். சாதாரண எண்ணெயைவிடக் குறைவாக ஆவியாகும், சூட்டை நன்றாகத் தாங்கும். பிஏஓவின் பெரிய பலம் கடுங்குளிரில் தெரியும். மைனஸ் 50 டிகிரிக்குக் கீழும் அது உறையாமல் ஓடும். நம் ஊரில் காலையில் டிராக்டரை ஸ்டார்ட் செய்ய அந்தப் பலம் தேவைப்படாது.

கேனில் எதைப் பார்க்க வேண்டும்?

1. ஏபிஐ தரம்: டீசல் இன்ஜின் தரம் ‘சி’ எழுத்தில் தொடங்கும் (சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4). பெட்ரோல் இன்ஜினுக்கு ‘எஸ்’. இது இன்ஜின் சோதனையில் தேறியதைக் குறிக்கும். எந்த அடிப்படை எண்ணெய் என்பதை இது சொல்லாது.

2. பாகுநிலை: 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 போன்ற எண். உங்கள் டிராக்டர் கையேட்டில் சொன்ன எண்ணையே வாங்குங்கள்.

3. ‘சிந்தெடிக் டெக்னாலஜி’, ‘செமி சிந்தெடிக்’ என்ற சொற்களை மட்டும் வைத்து, உள்ளே எத்தனை சதவீதம் எந்த எண்ணெய் என்று கணக்கிட முடியாது.

4. மேலும் அறிய விரும்பினால், நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த ஆயிலின் பாதுகாப்புத் தகவல் தாளைப் பாருங்கள். ‘ஹைட்ரோட்ரீட்டட் டிஸ்டிலேட்’ என்று இருந்தால் அந்தப் பங்கு கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. ‘1-டெசீன் ஹோமோபாலிமர்’ என்று இருந்தால் பிஏஓ கலந்திருக்கிறது.

மணிக்கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள்

‘சிந்தெடிக் ஊற்றியாச்சு, இருமடங்கு மணி நேரம் ஓட்டலாம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் கதிரடிக்கும்போதும் எழும் தூசி, டீசல் புகைக்கரி, ஆயிலில் கலக்கும் டீசல் ஆகியவை எந்த ஆயிலையும் கெடுக்கும். ஹவர் மீட்டரைப் பார்த்து, கையேடு சொல்லும் மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏர் கிளீனரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள டிராக்டருக்கு நிறுவனம் சொன்ன தரத்தையே ஊற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கையேடு கேட்கும் தரம் சாதாரண ஆயிலிலேயே இருந்தால், கூடுதல் விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல ஃபில்டர் வாங்கி, உரிய நேரத்தில் ஆயிலை மாற்றுவதே இன்ஜினுக்கு அதிகப் பயன் தரும்.