நோர்வூட் லயங்களும் மண் சுமந்த பெண்களும்

2017 மே 12 ஆம் திகதி. நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி உரையாற்றினார். மலையகத்தில் அப்போது அமைக்கப்பட்டு வந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அவர் அறிவித்ததும் பெருங்கரவொலி எழுந்தது. எனக்கருகில் நின்ற முதிய பெண்மணி மட்டும் கைதட்டவில்லை. காரணம் கேட்டேன். "வீடு குடுக்கிறாங்க, சரிங்க ஐயா. மண்ணும் கல்லும் நாமதானே சொமக்கணும்" என்றார்.

அன்று பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியில் இந்த வாக்கியத்துக்கு இடமிருக்கவில்லை. செய்தி வேறு, வரலாறு வேறு.

அட்டனிலிருந்து பொகவந்தலாவை செல்லும் வழியில் உள்ளது நோர்வூட். இந்த மலைகளில் முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைப் பாடநூல்கள் கூறும். தொழிலாளர் தங்கிய லயத்தைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, முன்னால் ஒரு குறுகிய விறாந்தை. லயம் தோட்டத்தின் சொத்து. வேலை போனால் கூரையும் போகும். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984 இல் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. லயம் மட்டும் அப்படியே நின்றது.

1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் சுயஉதவி வீடமைப்பு பரவியது. கடன் தருவார்கள், தவணையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள், உடலுழைப்பு குடும்பத்தினுடையது. 'குடும்பம்' என்பது யாரென்று நான் கண்ணால் கண்டேன். லொறி மணலையும் சீமெந்துக் கற்களையும் பெருந்தெருவில் கொட்டிவிட்டுப் போய்விடும். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பெண்கள், அதே தலையில் மணற்கூடையை ஏற்றிக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏறுவார்கள். இன்று ஒருத்தியின் அத்திவாரம், ஞாயிறன்று இன்னொருத்தியினது. கூலி கிடையாது, தேநீர் உண்டு. சிரமதானம் என்று அதற்குப் பெயர்.

1991 இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஹபிடட் ஃபோர் ஹியூமனிட்டி அமைப்பின் பெண் தொண்டர்கள் ஏழைக் குடும்பத்துக்காக ஒரு வீட்டைக் கட்டினர். பெண்கள் கட்டும் வீடு என்ற அந்த முயற்சி பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. பாராட்டத்தக்கதே. அங்கே பெண்ணின் கையில் சுத்தியலைக் கொடுத்து, வேலையையும் கற்றுக்கொடுத்தார்கள். நான் பார்த்த தோட்டங்களிலோ சாந்துக்கரண்டி மேசன் பாஸின் கையை விட்டு நகரவில்லை. எங்கள் பெண்கள் சுமந்தார்கள். அவ்வளவுதான். அவர்களைத் தொண்டர்கள் என்று எவரும் எழுதியதாக நினைவில்லை, நானும் எழுதவில்லை.

கூட்டம் கலைந்தபின் அந்த அம்மா என்னைத் தமது வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தொண்ணூறுகளில் கட்டிய வீடு. தம்முடையதுடன் சேர்த்துப் பதினொரு வீடுகளுக்கு மண் சுமந்ததாக விரல்விட்டு எண்ணிச் சொன்னார். உறுதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். கடனைக் கட்டி முடித்த பலருக்கே அது கிடைக்காத காலம் அது. 2015க்குப் பின்னரே ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்ற பேச்சு வலுத்தது.

தகரப்பெட்டியைத் திறந்து ஒரு கட்டுத் துண்டுச்சீட்டுகளை எடுத்துத் தந்தார். தவணை கட்டிய சீட்டுகள். எல்லாம் கணவர் பெயரில்.

"அவரு போயி அஞ்சு வருசமாச்சுங்க ஐயா."