ஈய வாணிபமும் போர்க்காலக் கப்பல் கைப்பற்றலும் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈய வாணிபம் என்பது, கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்துக்கு அப்பால் அம்பாங் முதலிய இடங்களில் தோண்டி உருக்கப்பட்ட வெள்ளீயம், படகேறி ஆற்றுவழியே கிள்ளானுக்கு இறங்கி, அங்கே வரி செலுத்தி, மலாக்கா, சிங்கப்பூர்ச் சந்தைகளைச் சென்றடைந்த வாணிபத்தைக் குறிக்கும். வழி முழுவதும் நீரையே நம்பியிருந்த இவ்வாணிபம், ஆற்றின் வாயை எவன் காத்து நின்றானோ அவனுக்கே அடங்கியதாயிற்று; ஆதலின் இதன் சரித்திரத்தைப் போர்க்காலக் கப்பல் கைப்பற்றலின் சரித்திரத்திலிருந்து பிரித்துக் கூறுவது இயலாது. மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டன், பிரான்சு, ஸ்பெயின், ஒல்லாந்து ஆகிய தேசங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் ஒன்றன் சர்க்கரைக் கப்பலை மற்றொன்று பிடித்து வந்த விவகாரத்தோடு இது பல கூறுகளில் ஒப்பிடத்தக்கது. ஓரிடத்தில் நேராகவே தொடர்புடையதும் ஆகும்.

மலாக்கா நீரிணையில் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்களைப் பிடிக்கும் வழக்கம் போர்ச்சுகீசியர் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது. 1603-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒல்லாந்துத் தலைவனாகிய யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க், சாந்தா கத்தரீனா என்னும் போர்ச்சுகீசியப் பெருங்கப்பலை ஜொகூர்க் கரைக்கு அருகே கைப்பற்றியதும், அக்கைப்பற்றல் நியாயமே என்று வாதிட எழுந்த ஹூகோ குரோசியஸின் எழுத்துகளிலிருந்து 1609-இல் கடற்சுதந்திரம் பற்றிய அவரது நூல் பிறந்ததும் உலகறிந்தவை. 1641-இல் மலாக்காவைப் பிடித்த ஒல்லாந்தர், அண்டை நாட்டு அரசர்களோடு ஈய உடன்படிக்கைகள் செய்துகொண்டு, அவற்றை மீறிய படகுகளைத் தம் ரோந்துக் கப்பல்களால் தடுத்துவந்தனர்.

சிலாங்கூர் இவ்விவகாரத்தில் நேராக அகப்பட்டது 1780-இல் மூண்ட ஆங்கில-ஒல்லாந்து யுத்தத்தின் விளைவாகவே. அந்த யுத்தத்தில், 1781 பிப்ரவரி 3-ஆம் நாள், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ரோட்னி கரிபியன் கடலிலுள்ள சிந்து யூஸ்தேசியஸ் தீவைக் கைப்பற்றி, அதன் துறையில் நின்ற கப்பல்களையும் கிடங்குகளில் நிறைந்த சர்க்கரை முதலிய சரக்குகளையும் பறிமுதல் செய்தார். அப்பொருள் பற்றிய வழக்குகள் இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. மறு ஆண்டு, அதே யுத்தத்தில், பூமியின் எதிர்ப்புறத்தில், கல்கத்தாவிலிருந்து அபினி ஏற்றி வந்த பெட்சி என்னும் ஆங்கிலக் கப்பலை, அரசாணை பெற்ற ஒரு பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல் ரியாவ் துறைமுகத்தில் பிடித்தது. தம் துறையில் பிடிபட்ட பொருளில் தமக்குப் பங்குண்டு என்று ரியாவின் புகிஸ் துணை அரசராகிய ராஜா ஹாஜி கோரினார். அந்த யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற ஒல்லாந்தர் மறுத்தனர். அவருக்கு எவ்வளவு வாக்களிக்கப்பட்டிருந்தது, வாக்களித்தவர் யார் என்பவற்றில் ஒல்லாந்தர் கூற்றும் புகிஸ் மரபினர் கூற்றும் ஒத்துப்போவதில்லை. அப்பங்கு மறுக்கப்பட்டமையே பகைக்கு உடனடிக் காரணம் என்பதை மட்டும் இருதரப்பும் ஏற்கும்.

1784-இல் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது சிலாங்கூர் சுல்தான் இப்ராஹீம் அவருக்குத் துணை நின்றார். ஜூன் மாதத்தில் தெலுக் கெத்தாப்பாங்கில் ராஜா ஹாஜி மாண்டபின், ஒல்லாந்துப் படை வடக்கே வந்து கோலசிலாங்கூர்க் குன்றிலிருந்த கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு சுல்தான் அதை மீட்டார். ஒல்லாந்தரோ நிலத்தில் இழந்ததை நீரில் ஈடுசெய்ய எண்ணி, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அங்கிருந்த ஆற்றுவாயை அடைத்து நின்றனர். விற்க வழியின்றி ஈயம் தேங்கியபின் 1786-இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி சிலாங்கூரின் ஈயம் ஒல்லாந்துக் கம்பெனிக்கே விற்கப்பட வேண்டியதாயிற்று. கரிபியன் தீவொன்றில் சர்க்கரைக் கிடங்குகளுக்கு முத்திரையிட்ட அதே யுத்தம், ஓர் அபினிக் கப்பலின் வழியாகச் சிலாங்கூர்ச் சுரங்கக்காரனின் ஈயத்துக்கு வாங்குவோரைக் குறித்துவிட்டது.

1795-இல் ஆங்கிலேயர் மலாக்காவைப் பற்றியமை, 1804 பிப்ரவரியில் புலாவ் அவுர் தீவருகே நதானியேல் டான்ஸ் தலைமையில் சென்ற வணிகக் கப்பல்கள் பிரெஞ்சுத் தளபதி லினுவாவின் போர்க்கப்பல்களை எதிர்த்து விரட்டியமை, ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட 1824-ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை ஆகியவை இடைக்கால நிகழ்ச்சிகள்.

அம்பாங்கின் வரலாறு 1857-இல் தொடங்குகிறது. கிள்ளான் பகுதிக்குத் தலைவராயிருந்த ராஜா அப்துல்லா, லுக்குட்டை ஆண்ட தம் உறவினர் ராஜா ஜுமாத்துடன் சேர்ந்து மலாக்கா வணிகரிடம் 30,000 வெள்ளி கடன்பெற்று, 87 சீனத் தொழிலாளரை ஆற்றின்மீது அனுப்பினார் என்றும், ஆறுகள் கூடுமிடத்தில் இறங்கிக் காட்டுவழியே அம்பாங்கை அடைந்த அவர்களுள் 69 பேர் ஒரே மாதத்தில் காய்ச்சலுக்கு இரையாகி 18 பேரே எஞ்சினர் என்றும் மரபாக எழுதப்பட்டு வருகிறது. பின்னர் 150 பேர் அனுப்பப்பட்டனர்; 1859-இல் அம்பாங் ஈயம் முதன்முதலாக ஏற்றுமதியாயிற்று. கடன் கொடுத்த வணிகரின் பெயர்கள் ஏட்டில் நிலைத்திருக்க, காய்ச்சலில் மடிந்த அறுபத்தொன்பதின்மருள் ஒருவர் பெயரும் வழங்காமை, இன்று அப்பகுதியில் வாழ்வோர் நினைவிற்கொள்ளத் தக்கது. ஏறிச்சென்ற படகுகள் அரிசி, அபினி, கருவிகளையும், இறங்கிவந்த படகுகள் ஈயக்கட்டிகளையும் சுமந்தன. இருவழியிலும் வரி தண்டிய இடம் கிள்ளான்.

அவ்வரியே கலகத்துக்கு வித்தாயிற்று. 1866-இல் ராஜா அப்துல்லா கிள்ளான் வரியைச் சிங்கப்பூர் வணிகராகிய வில்லியம் ஹென்றி ரீட், தான் கிம் சிங் ஆகியோருக்குக் குத்தகைக்கு விட்டார். முன்பு கிள்ளானை ஆண்டவரின் மகனும், தம் தந்தையின் இடம் தமக்கே உரியதென்று கருதியவருமான ராஜா மஹ்டி, அக்குத்தகைக்காரருக்கு வரி செலுத்த மறுத்து, 1867-இல் கிள்ளான் கோட்டையைக் கைப்பற்றினார். மலாக்காவுக்கு அகன்ற அப்துல்லா 1869-இல் காலமானார். அவர் மகன் ராஜா இஸ்மாயில் அவ்வாண்டே ஒரு சிறு படையுடன் கடல்வழி வந்து, ஆற்றுவாய்க் காவலிடங்களைப் பிடித்து, கிள்ளானுக்குச் செல்லும் நீர்வழியை அடைத்தார். சுல்தான் அப்துல் சமாதின் மருமகனும் கெடா அரசகுமாரருமான துங்கு கூடின் அவருடன் சேர்ந்தார். மஹ்டியின் கோட்டை தாக்குண்டதோடு உணவும் வருவாயும் அற்று 1870 மார்ச்சில் வீழ்ந்தது. கோட்டை கைமாறியதும் மேல்நாட்டு ஈயத்தின் வரியும் கைமாறிற்று. சுரங்கத்தில் தோண்டியவனுக்கோ, தான் யாருக்கு வரி கொடுக்கிறான் என்பது படகு திரும்பி வந்தபின்பே தெரிந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். ஜமைக்காவுக்கோ பார்பேடோசுக்கோ அருகில் பிடிபட்ட சர்க்கரைக் கப்பல், கடல்வழக்கு நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்டு, பகைவன் பொருள் இன்னது, நடுநிலையாளன் பொருள் இன்னது என்று ஆராயப்பட்டு, தீர்ப்பின்படியே விற்கப்பட்டது. இழந்தவனுக்கும் வாதாட ஓர் இடம் இருந்தது. 1856-ஆம் ஆண்டின் பாரிசுப் பிரகடனம் தனியார் போர்க்கப்பல்களையே ஒழித்து, நடுநிலைக் கொடியின்கீழ்ச் சென்ற சரக்குக்குப் பாதுகாப்பும் வகுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட அம்பாங்கின் ஈயத்துக்கு அச்சட்டங்களால் எப்பயனும் விளையவில்லை. கிள்ளான் ஆற்றில் மறிக்கப்பட்ட படகுக்கு நீதிமன்றம் கிடையாது. மறித்தவன் செயல் முற்றுகையா, வரிவசூலா, கொள்ளையா என்பதை, அவன் வென்றானா தோற்றானா என்பதே தீர்மானித்தது.

இதற்குச் சிறந்த சான்று 1871-இல் கிடைக்கிறது. பினாங்கிலிருந்து பேராக்கிலுள்ள லாருட்டுக்குப் புறப்பட்ட கிம் செங் சியோங் என்னும் சீன மரக்கலம் நடுக்கடலில் கைப்பற்றப்பட்டு, அதிலிருந்த 34 பேர் கொல்லப்பட்டனர். தேடிச்சென்ற புளூட்டோ என்னும் அரசாங்க நீராவிக்கப்பல் அம்மரக்கலத்தைக் கோலசிலாங்கூரில் கண்டது. கரையில் இறங்கியோர் எதிர்க்கப்படவே, ஜூலைத் தொடக்கத்தில் ரினால்டோ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து கோட்டைகளைத் தகர்த்தது. கிள்ளானை இழந்த ராஜா மஹ்டி அப்போது அங்கேதான் நிலைகொண்டிருந்தார். கொள்ளையருக்கும் அவருக்கும் உண்மையில் உறவு இருந்ததா, அன்றிக் கூடினுக்கு நிதியுதவி செய்த நீரிணை வணிகருக்கு இது வாய்ப்பாக அமைந்ததா என்பதில் ஆசிரியர் பலர் பலவாறு அபிப்பிராயப்படுவர். சீன மரக்கலத்தைப் பிடித்தவர்கள் சீனரே என்றும், மஹ்டியின் ஆட்களுக்கு அதில் பங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறுவோர் உளர். எவ்வாறாயினும், கோலசிலாங்கூர் கூடினின் வசம் சென்றது.

உள்நாட்டில் போர் ஓயவில்லை. 1870-இல் அம்பாங்கிலேயே, கூடின் பக்கம் நின்ற கோலாலம்பூர்ச் சீனர் தலைவராகிய யாப் ஆ லோயின் ஆட்களுக்கும், மஹ்டி பக்கம் நின்ற சையத் மஷோர், சோங் சோங் ஆகியோரின் படைக்கும் சண்டை நடந்தது. 1872 ஆகஸ்டில், ஆறுகள் கூடுமிடத்திலிருந்த கோலாலம்பூர் மஹ்டி தரப்பிடம் வீழ்ந்தது. அதைக் காத்துநின்ற கூடினின் ஐரோப்பியத் தளபதிகளும் சிப்பாய்களும் தப்பியோடுகையில் பிடிபட்டு மாண்டனர். அதே மாதத்தில், இழப்புக்குப் பரிகாரம் கோரிய மலாக்கா வணிகருக்கு நீரிணைக் குடியேற்ற அரசாங்கம், பெருலாபம் கருதி அபாயமறிந்தே உள்நாடு செல்வோர் அரசைப் பொறுப்பாக்குதல் கூடாது என்று விடையளித்தது. 1873 மார்ச்சில் பகாங் படையின் உதவியால் நகர் மீட்கப்பட்டபோது வீடுகள் எரிந்தும் சுரங்கங்கள் நீர் நிறைந்தும் கிடந்தன. அவ்வாண்டு நவம்பரில் மலாக்காப் படகு ஒன்று லங்காட் அருகே தாக்கப்பட்டு, தப்பிய ஒருவர் சாட்சியாக, 1874 பிப்ரவரியில் கடற்படைத் தலைவர் ஷாட்வெல்லின் கப்பல்கள் சூழ விசாரணை நடந்தது. தண்டிக்கப்பட்டோர்தாம் குற்றவாளிகளா என்பதில் பிற்காலத்தார் ஐயம் கொண்டனர். கூடினின் வழக்கறிஞராயிருந்த ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் 1875-இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஆனார்.

டேவிட்சனோடு வந்தவர் சிங்கப்பூரில் பிறந்த தமிழராகிய தம்புசாமிப் பிள்ளை. கருவூலப் பணியிலிருந்து பின்னர் ரவாங்கில் ஈய லம்பத் (சுரங்கத்) தொழிலிலும் பங்குகொண்டவர். அவர் கோலாலம்பூரில் நிறுவிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்கு 1873 என்றே மரபு ஆண்டு கூறுகிறது. அது அவர் வருகைக்கு முற்பட்டதாலும், நகரம் சாம்பலிலிருந்து மீட்கப்பட்டதும் அதே ஆண்டாதலாலும், இதனைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ளுதல் தகும். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், ஆற்றுவாயை மறித்து ஈயத்தைப் பிடிக்கும் காலம் முடிவுற்றது. அப்பாதையிலும் அதன் கிளைகளிலும் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்த இரயில்வே குடியிருப்புகள் அவர்களால் நிறைந்தன. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது.

அதன்பின் அபாயம் ஆழ்கடலுக்குப் பெயர்ந்தது. 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன், கீழ்நாடுகளிலிருந்து ஈயம், இரப்பர் முதலியன ஏற்றிச்சென்ற ட்ராயிலஸ் என்னும் புதிய கப்பலை மினிக்காய்த் தீவருகே பிடித்து மூழ்கடித்தது. முந்தைய மாதம் ஜாவாச் சர்க்கரை ஏற்றிச்சென்ற டைமரிக் கப்பலுக்கும் அதனால் அக்கதியே நேர்ந்திருந்தது. சரக்கு அழிந்ததேயன்றி மாலுமிகள் காக்கப்பட்டனர் என்பதைப் பகைவரும் பாராட்டினர். ட்ராயிலஸின் உரிமையாளரான அதே ஆல்பிரட் ஹோல்ட் நிறுவனத்தின் ஆட்டோமெடான் கப்பல், பினாங்கு நோக்கி வருகையில் 1940 நவம்பர் 11-இல் சுமத்திரா அருகே அட்லாண்டிஸ் என்னும் ஜெர்மானியக் கப்பலிடம் சிக்கிற்று. அதிலிருந்த இரகசிய ஆவணங்கள் ஜப்பானியர் கையை அடைந்தன.

1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் பள்ளத்தாக்கின் லம்பங்கள் மூடப்பட்டு, அவற்றின் நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகத்தில் இன்று பெரும்பாலும் கொள்கலன்களே ஏற்றி இறக்கப்படுகின்றன. 2005 ஜூனில் லண்டன் காப்புறுதியாளர் குழு மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்து, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் கூட்டு ரோந்துக்குப் பின் 2006 ஆகஸ்டில் நீக்கியது.